பழைய பக்கியில் பாட்டு நன்றாகக் கேட்க: ஸ்டீரியோ, ஸ்பீக்கர் மாற்றும் முழு வழிகாட்டி

என் வீட்டு வாசலில் நிற்கும் ஹைலக்ஸ் 1996ஆம் ஆண்டு வண்டி, சிங்கிள் கேப், அதாவது ஒரே வரிசை சீட். விடியற்காலையில் கீரையும் கத்திரிக்காயும் ஏற்றிக்கொண்டு டர்பன் வார்விக் சந்தைக்கு அப்பா ஓட்டிப்போனது. இப்போது சாட்ஸ்வொர்த்தில் நான் ஓட்டுகிறேன். பிக்கப் வண்டியைத் தென்னாப்பிரிக்காவில் எல்லோரும் பக்கி என்றுதான் சொல்கிறோம், அதனால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். என்ஜின் இன்றும் நன்றாக ஓடுகிறது. பாட்டுதான் பல வருடம் தகர டப்பாவுக்குள் இருந்து வந்தது போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் லோட்டஸ் எஃப்எம் ரேடியோ போட்டால் நாதஸ்வரம் கீச்சென்று கேட்கும், தவில் கேட்கவே கேட்காது.

அதைச் சரிசெய்ய இரண்டு முறை தவறாகச் செலவு செய்து, மூன்றாம் முறைதான் விஷயம் புரிந்தது. பழைய வண்டியில் காசு முதலில் கதவுக்கும் வயருக்கும் போக வேண்டும், பிறகுதான் ஸ்பீக்கருக்கும் டெக்குக்கும் (டாஷ்போர்டில் இருக்கும் ரேடியோ செட்டைத்தான் டெக் என்கிறேன்). நான் தலைகீழாகச் செய்தேன். நீங்கள் அப்படிச் செய்யாமல் இருக்கத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன் வண்டியைப் பாருங்கள்

ஒரு சனிக்கிழமை மதியம் போதும். டார்ச், அளக்கும் டேப், ஒரு சாதாரண மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டெக் இருக்கும் இடத்தை அளங்கள். டின் என்பது டெக் அளவுக்கான பொதுப் பெயர். சிங்கிள் டின் என்றால் அகலம் 180 மி.மீ., உயரம் 50 மி.மீ. டபுள் டின் என்றால் உயரம் 100 மி.மீ. பல டொயோட்டாக்களில் கம்பெனி ரேடியோவின் அகலம் 200 மி.மீ. இருக்கும். வெளியில் வாங்கும் டெக் 180தான் என்பதால் இரு பக்கமும் 10 மி.மீ. இடைவெளி தெரியும். அதை மூடும் பிளாஸ்டிக் பட்டைகளை டெக்கோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். டெக்கின் பின்னால் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்றும் பாருங்கள். சிடி இல்லாத, யூஎஸ்பியும் புளூடூத்தும் மட்டும் உள்ள டெக்குகள் நீளத்தில் குட்டையானவை. பழைய பக்கியின் நெருக்கமான டாஷ்போர்டுக்கு அவை எவ்வளவோ மேல்.

அடுத்தது ஸ்பீக்கர். என் வண்டியில் முன்பு யாரோ டாஷ்போர்டுக்குக் கீழே இரண்டு 4 அங்குல ஸ்பீக்கர்களை முடுக்கி வைத்திருந்தார்கள். கதவில் ஸ்பீக்கருக்கென்று ஓட்டையே இல்லை. உங்கள் வண்டியில் கதவில் இடம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அங்கே ஆழத்தை அளக்கும்போது கண்ணாடியை முழுக்கக் கீழே இறக்கிவிட்டு அளங்கள். கண்ணாடி மேலே இருக்கும்போது 80 மி.மீ. காட்டும் கதவு, கண்ணாடி இறங்கியதும் 50தான் தரும். இதைக் கவனிக்காமல் ஸ்பீக்கர் வாங்கியவர்கள் எத்தனையோ பேர்.

அப்புறம் மிக முக்கியமான ஒரு சோதனை. பழைய வண்டிகள் சிலவற்றில் ஸ்பீக்கரின் நெகட்டிவ் வயர் நேராக வண்டியின் பாடிக்குப் போகும், அல்லது இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே நெகட்டிவ் இருக்கும். இன்றைய டெக்குகளில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரிலும் மின்னழுத்தம் உண்டு. அதில் ஒன்று பாடியைத் தொட்டால் டெக்கின் உள்ளே ஒலியைப் பெருக்கும் ஆம்ப் சிப் போய்விடும். என் முதல் டெக் அப்படித்தான் போனது. ஒரு கடையில் கொடுத்துப் பொருத்தினேன், அவர்கள் பழைய வயரிலேயே மாட்டிக் கொடுத்தார்கள், நான்காம் நாள் சத்தம் நின்றுவிட்டது. டெக்கையும் ஸ்பீக்கரையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒவ்வொரு ஸ்பீக்கர் வயருக்கும் பாடிக்கும் இடையே அளந்து பாருங்கள். இணைப்பு காட்டினால் அந்த வயரை விட்டுவிடுங்கள். உண்மையில், 20 வயது தாண்டிய வண்டி என்றால் சோதனை எப்படி வந்தாலும் புது ஸ்பீக்கர் வயர் இழுப்பதுதான் என் வழக்கம். சிங்கிள் கேபுக்கு 10 மீட்டர் வயர் தாராளம்.

எதை வாங்குவது

டெக் பெட்டியின் மேல் "50 வாட், 4 சேனல்" என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது ஒரு கணம் எட்டும் உச்சம். தொடர்ந்து தரக்கூடியது, அதாவது ஆர்எம்எஸ், பெரும்பாலும் 14 முதல் 22 வாட் வரைதான். ஆகவே தனி ஆம்ப் வைக்கும் எண்ணம் இல்லை என்றால், ஸ்பீக்கர் பெட்டியில் வாட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு, சென்சிடிவிட்டி என்ற எண்ணைப் பாருங்கள். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று சொல்வது அது. 3 டெசிபல் கூட இருந்தால், வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். டெக் சக்தியில் மட்டும் ஓடும் வண்டிக்கு 90க்கு மேல் உள்ள ஸ்பீக்கரைத் தேடுங்கள். 86 டெசிபல் ஸ்பீக்கர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அந்தச் சின்ன சக்தியில் சோம்பிக் கிடக்கும்.

டர்பனில் இருப்பவர்கள் ஸ்பீக்கர் கூம்பு என்ன பொருள் என்றும் பார்க்க வேண்டும். காகிதக் கூம்பின் ஓசை எனக்குப் பிடிக்கும். ஆனால் இங்கே கடல் காற்றும் ஈரப்பதமும் கதவுக்குள் வழியும் மழைத் தண்ணீரும் சேர்ந்தால் அது நீண்ட நாள் தாங்காது. பாலிப்ரொப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் உள்ளதை வாங்குங்கள்.

6.5 அங்குலத்தில் இரண்டு வகை கிடைக்கும். ட்வீட்டர், அதாவது உயர்ந்த ஒலிக்கான குட்டி ஸ்பீக்கர், நடுவிலேயே இருப்பது கோஆக்சியல். ட்வீட்டரைத் தனியே பிரித்து மேலே வைக்கக்கூடியது காம்பொனன்ட். பக்கியின் கதவில் ஸ்பீக்கர் கால் முட்டிக்குக் கீழே போய்விடுவதால், ட்வீட்டரைக் கண்ணாடி ஓரத்திலோ டாஷ்போர்டு மேலோ வைத்தால் குரல் காதுக்கு நேராக வரும். பட்ஜெட் இடம் கொடுத்தால் காம்பொனன்ட்.

டெக்கில் நான் கேட்பது மூன்றே விஷயம்: ஹை பாஸ் ஃபில்டர் (தாழ்ந்த ஒலியைத் தடுப்பது), குறைந்தது இரண்டு ஜோடி ஆர்சிஏ வெளியீடு (ஆம்புக்கு ஒலியை அனுப்பும் சொருகுகள்), கழற்றி எடுத்துப் போகக்கூடிய முகப்பு. கடைசியாகச் சொன்னது எதற்கு என்று இங்கே வண்டி நிறுத்துபவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செகண்ட் ஹேண்ட் டெக் வாங்கினால் இன்னொன்று பாருங்கள். ஜப்பான் வண்டியிலிருந்து கழற்றிய ரேடியோ 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் பிடிக்கலாம். நம் ஊரில் எஃப்எம் 87.5 முதல் 108 வரை. பாதிக்கு மேல் ஸ்டேஷன் கிடைக்காது.

பணத்தை எப்படிப் பிரிப்பது? பத்துப் பங்காக வைத்துக்கொண்டால் டெக்குக்கு மூன்று, ஸ்பீக்கருக்கு மூன்று, கதவு வேலைக்கு இரண்டு, வயருக்கும் கனெக்டருக்கும் இரண்டு. ஆம்பும் சப்பும் (தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர்) அடுத்த மாதச் சம்பளத்தில் வரட்டும்.

கழற்றுவது

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றாமல் எதையும் தொடாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் 10 மி.மீ. ஸ்பேனர் போதும்.

முப்பது வருட வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் குளிரில் பிஸ்கட் போல உடையும். ஜூலை மாதக் காலையில் இதை ஆரம்பிக்காதீர்கள். வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுப் பிறகு பேனலில் கை வையுங்கள். கதவுப் பேனல் கிளிப் எப்படியும் நாலைந்து உடையும், ஆகவே ஒரு பாக்கெட் கிளிப் முன்னதாகவே வாங்கி வையுங்கள்.

கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைப் பிடித்திருப்பது பின்னால் மறைந்திருக்கும் ஒரு வளைந்த கம்பிக் கிளிப். அதற்குக் கருவி தேவையில்லை. பழைய துணி ஒன்றைக் கைப்பிடிக்கும் பேனலுக்கும் நடுவே நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து, ஷூ பாலிஷ் போடுவது போல முன்னும் பின்னும் இழுங்கள். கிளிப் தெறித்து வரும், எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். பேனலை எடுத்ததும் உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் உரியுங்கள். மழைத் தண்ணீர் கேபினுக்குள் வராமல் தடுப்பது அதுதான்.

கதவுதான் ஸ்பீக்கர் பெட்டி

நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும். வீட்டில் இருக்கும் ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கிறது, வண்டியில் அந்தப் பெட்டி கதவு. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் தள்ளும் காற்றும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இரண்டும் கலந்தால் முதலில் அழிவது தாழ்ந்த ஒலி. பக்கியின் கதவு உட்தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும். அவை வழியாகப் பின்பக்கக் காற்று கேபினுக்குள் வந்துவிடுகிறது. என் வண்டியில் தவில் கேட்காமல் போனதற்கு முன்னும் பின்னும் கலந்த இந்தக் காற்றே காரணம். ஸ்பீக்கரை இரண்டு முறை மாற்றியும் பயன் இல்லாமல் போனதற்கும் இதுவேதான்.

முதல் வேலை துரு. கதவின் அடியில் ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். துரு இருந்தால் சுரண்டி, துரு தடுப்பு ப்ரைமர் அடித்துக் காய விடுங்கள். அடியில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகள் இருக்கும், அவற்றைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். பிறகு செய்யும் எந்த வேலையிலும் அந்த ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது.

இரண்டாவது, வெளித்தகட்டின் உட்புறம். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து எண்ணெய்ப் பசை போக்கிவிட்டு, அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டில் (பசை போல ஒட்டும் ரப்பர்) ஷீட்டை ஒட்டி உருளையால் நன்றாக அழுத்துங்கள். முழுத் தகட்டையும் மூட வேண்டாம். கால் பங்குப் பரப்பை, முக்கியமாக ஸ்பீக்கருக்கு நேர் பின்னாலும் தகட்டின் நடுவிலும் மூடினாலே அதிர்வு பெருமளவு அடங்கிவிடும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். "டங்" என்று ஒலித்த தகடு "டொக்" என்று சொன்னால் போதும். மலிவாக இருக்கிறதே என்று கூரைக்கு ஒட்டும் தார் ஷீட்டை வாங்க வேண்டாம். பிப்ரவரி வெயிலில் அது இளகி வழியும், கேபின் முழுக்கத் தார் வாடை அடிக்கும்.

மூன்றாவது, உட்தகட்டின் பெரிய ஓட்டைகள். மெல்லிய அலுமினியத் தகட்டை அளவாக வெட்டி, ஸ்க்ரூ போட்டு, ஓரத்தைப் பியூட்டிலால் அடையுங்கள். பின்னால் கண்ணாடி மெக்கானிசத்தில் கை வைக்க வேண்டி வந்தால் ஸ்க்ரூவைக் கழற்றினால் போதும். பழைய பிளாஸ்டிக் ஷீட்டை இதன் மேல் மறுபடி ஒட்டிவிடுங்கள்.

நான்காவது, ஸ்பீக்கரைத் தாங்கும் வளையம். கடைகளில் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வளையம் கிடைக்கும். நம் ஈரக்காற்றில் அது ஒரு மழைக்காலத்தில் ஊதி உதிர்ந்துவிடும். நான் சமையலறையில் காய் நறுக்கும் தடித்த வெள்ளை பிளாஸ்டிக் பலகையை வாங்கி வளையமாக அறுத்துக்கொண்டேன். தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. 15 மி.மீ. தடிமன் இருந்தால் கண்ணாடிக்கும் ஸ்பீக்கரின் காந்தத்துக்கும் இடையே வேண்டிய இடம் கிடைத்துவிடும். ஸ்பீக்கர் உட்காரும் இடத்தில் சுற்றிலும், தண்ணீரை உறிஞ்சாத 'மூடிய செல்' வகை ஃபோம் பட்டை ஒட்டுங்கள். முன்பக்கத்திலும் ஒரு ஃபோம் வளையம் வைத்து ஒலி பேனலின் வலைக்கு நேராக வரும்படி செய்யுங்கள், இல்லாவிட்டால் பாதி ஒலி பேனலுக்குப் பின்னாலேயே தங்கிவிடும்.

கதவில் ஸ்பீக்கர் ஓட்டை இல்லாதவர்கள், ஸ்பீக்கர் பெட்டியோடு வரும் வட்ட மாதிரியைத் தகட்டில் வைத்துக் குறித்து, கண்ணாடியையும் கைப்பிடியையும் முழுக்க இயக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள். வெட்டிய விளிம்புக்கு உடனே ப்ரைமர் அடியுங்கள். சனிக்கிழமை வெட்டிவிட்டு அடுத்த சனிக்கிழமை அடிக்கலாம் என்று விட்டால் அதற்குள் துரு ஏறியிருக்கும்.

வயர்

ஸ்பீக்கர் வயரைக் கதவுக்குள் கொண்டுபோக, கதவுக்கும் பாடிக்கும் இடையே ரப்பர் குழாய் இருந்தால் அதன் வழியாக இழுங்கள். இல்லாவிட்டால் ஓட்டை போட்டு அதன் விளிம்பை மூடும் ரப்பர் குரோமெட் வையுங்கள். வெறும் தகட்டு விளிம்பில் உரசும் வயர் என்றைக்காவது ஒருநாள் ஷார்ட் ஆகும்.

டெக்கின் வயர் நிறங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மஞ்சள் எப்போதும் 12 வோல்ட். சிவப்பு சாவி திருப்பினால் 12 வோல்ட். கறுப்பு எர்த். நீலம் ஆன்டெனாவுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு ஆம்பை எழுப்ப. முன் இடது வெள்ளை, முன் வலது சாம்பல், பின் இடது பச்சை, பின் வலது ஊதா. ஒவ்வொன்றிலும் கறுப்புக் கோடு உள்ளது நெகட்டிவ்.

வண்டிப் பக்கத்து வயரின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். முப்பது வருடத்தில் எத்தனை பேர் கை வைத்தார்களோ. பேட்டரியை மறுபடி மாட்டி, மல்டிமீட்டரால் அளங்கள். சாவி இல்லாமலே 12 வோல்ட் காட்டுவது மஞ்சளுக்கு, சாவி திருப்பினால் மட்டும் காட்டுவது சிவப்புக்கு. மாற்றிக் கொடுத்தால் சேமித்த ஸ்டேஷன் எல்லாம் தினமும் அழியும். இரண்டையும் எப்போதும் 12 வோல்ட்டில் கொடுத்தால் பேட்டரி படுத்துவிடும்.

வயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதை நம் பக்கத்தில் பலர் செய்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். டர்பன் சூட்டில் டேப்பின் பசை இளகிக் கழன்றுவிடும். நசுக்கி மாட்டும் நல்ல கிரிம்ப் கனெக்டர் போட்டு, மேலே சூட்டில் சுருங்கும், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டிச் சூடு காட்டுங்கள். ஈரமும் உப்பும் உள்ளே போகாது.

எர்த்தை டெக்கின் பின்னால் கையில் கிடைக்கும் ஸ்க்ரூவில் மாட்டாதீர்கள். பாடியில் ஒரு இடத்தில் பெயின்ட்டை வெள்ளி தெரியும்வரை சுரண்டி, போல்ட்டு போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். டெக், ஆம்ப் இரண்டின் எர்த்தும் ஒரே போல்ட்டில் வந்தால் பின்னால் வரும் பாதித் தொல்லை இப்போதே தீரும்.

ஸ்பீக்கர் போலாரிட்டி தெரியாவிட்டால் ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ஒரு கதவில் மட்டும் தலைகீழாக மாட்டினால், ஒலி இருக்கும், கனம் இருக்காது.

ஆம்ப் வைப்பவர்களுக்கு

ஒரு சேனலுக்கு 50 வாட் ஆர்எம்எஸ், நான்கு சேனல் என்று வைத்துக்கொள்வோம். வெளியே வருவது 200 வாட். மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் கிளாஸ் டி வகை ஆம்ப் என்றால் 75 சதவீதத் திறன் என்று எடுத்தால் உள்ளே போவது சுமார் 267 வாட். 13.8 வோல்ட்டால் வகுத்தால் 19 ஆம்பியர் சொச்சம். பழைய கிளாஸ் ஏபி ஆம்ப் இதைவிட அதிகம் இழுக்கும். பழைய பக்கிகளின் ஆல்டர்னேட்டர் பல 40 முதல் 60 ஆம்பியர்தான், அதில் ஹெட்லைட்டும் வைப்பரும் ஃபேனும் ஓட வேண்டும். ஆகவே கிளாஸ் டி வாங்குங்கள், மிதமான அளவில் நில்லுங்கள்.

பேட்டரியிலிருந்து நேராக 8 கேஜ் வயர், அதாவது சுமார் 8.4 சதுர மி.மீ. செம்பு. மலிவான செட்களில் வருவது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனில் அது குறைந்த மின்சாரத்தைத்தான் தாங்கும், உப்புக் காற்றில் சீக்கிரம் பொடியாகும். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். ஃபியூஸ் ஆம்பைக் காப்பாற்ற அல்ல, விபத்தில் வயர் நசுங்கினால் வண்டி தீப்பிடிக்காமல் இருக்க.

இந்த பவர் வயர் வண்டியின் ஒரு பக்கமாகப் போகட்டும், ஆர்சிஏ வயர் மறுபக்கமாகப் போகட்டும். இரண்டும் சேர்ந்து ஓடினால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஒரு விசில் ஏறும்.

சிங்கிள் கேபில் சப்வூஃபருக்கு இடம் சீட்டுக்குப் பின்னாலோ அடியிலோதான். ஆம்போடு வரும் 8 அங்குல மெல்லிய சப் போதுமானது. என்2 நெடுஞ்சாலையில் டீசல் என்ஜினின் உறுமல் தாழ்ந்த ஒலிகளை விழுங்கிவிடும், அதை ஈடுகட்டத்தான் சப்.

கடைசியில் ஒலியைச் சரிசெய்வது

என் அக்கா மகன் வால்யூமைத் திருப்ப, நான் மல்டிமீட்டர் பிடித்தேன். ஒருவர் துணை இருந்தால் இது பத்து நிமிட வேலை. டெக்கின் பாஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வையுங்கள். ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, 1000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை வால்யூமில் முக்கால் அளவில் ஓட விடுங்கள். ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட் அளந்தபடி கெய்னை, அதாவது ஆம்ப் ஒலியைப் பெருக்கும் அளவை, மெதுவாக ஏற்றுங்கள். 4 ஓம் ஸ்பீக்கரில் 50 வாட் என்றால் 14.1 வோல்ட்டில் நிறுத்துங்கள். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எந்த ஆம்புக்கும் அந்த எண் கிடைக்கும்.

பிறகு ஹை பாஸ் ஃபில்டர்: 6.5 அங்குலத்துக்கு 80 ஹெர்ட்ஸ், 4 அங்குலத்துக்கு 120. சப்புக்கு, உயர்ந்த ஒலியைத் தடுக்கும் லோ பாஸ் 80. டெக் சக்தியில் மட்டும் ஓடினாலும் இந்த ஹை பாஸை வையுங்கள். சின்ன ஸ்பீக்கர் முடியாத தாழ்ந்த ஒலிக்காகப் போராடுவது நின்றதும், குரல் தெளிவது உடனே தெரியும்.

டெக்கில் டைம் அலைன்மென்ட் (இரு ஸ்பீக்கரின் ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வரும்படி அமைப்பது) இருந்தால் பயன்படுத்துங்கள். நாம் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறோம். வலது ஸ்பீக்கர் 80 செ.மீ., இடது 135 என்றால் வித்தியாசம் 55. ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 செ.மீ. போகும். வலதை 1.6 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தினால் பாடகர் முன் கண்ணாடிக்கு நடுவில் வந்து நிற்பது போல் கேட்கும்.

காதால் சோதிக்க நான் போடுவது நாதஸ்வர தவில் கச்சேரிதான். தவிலின் வலந்தலையில் (வலப்பக்கத்தில்) விரலில் மாட்டிய கூடு விழும் சத்தம் கூர்மையாக, ஆனால் காதைக் குத்தாமல் வர வேண்டும். தொப்பி எனப்படும் இடப்பக்கத்தில் குச்சி விழும்போது கதவு நடுங்காமல் கனமாக ஒலிக்க வேண்டும். கூர்மை குத்தினால் ட்வீட்டரைக் காதுக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் திருப்புங்கள். கதவு கடகடத்தால் பேனல் கிளிப்புக்குப் பின்னால் ஃபோம் ஒட்டுங்கள்.

இன்னும் தொல்லை இருந்தால்

என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் விசில்: எர்த்தை மறுபடி சுரண்டி முடுக்குங்கள், ஆர்சிஏ பாதையைப் பாருங்கள். ரேடியோவில் மட்டும் இரைச்சல்: சிகரெட் லைட்டரில் சொருகிய மலிவு யூஎஸ்பி சார்ஜரையும் எல்இடி விளக்கையும் அணைத்துப் பாருங்கள். அப்படியும் இருந்தால் ஆன்டெனாவை மல்டிமீட்டரால் சோதியுங்கள். அதன் பிளக்கின் நடு ஊசிக்கும் கம்பி முனைக்கும் இணைப்பு காட்ட வேண்டும், ஊசிக்கும் வெளி உறைக்கும் காட்டக் கூடாது. என் வண்டியில் ஃபெண்டரில் ஆன்டெனா உட்கார்ந்த இடம் துருப்பிடித்து எர்த் போயிருந்தது. சுரண்டி கிரீஸ் தடவியதும் லோட்டஸ் எஃப்எம் தெளிவாக வந்தது.

எல்லாம் முடிந்ததும், சாவியை எடுத்துவிட்டு, கதவை மூடி, பேட்டரி நெகட்டிவுக்கும் அதன் வயருக்கும் நடுவே மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் மாட்டுங்கள். சில நிமிடம் பொறுத்து 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருந்தால் சரி. மீட்டர் மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் மட்டும் செய்துவிடாதீர்கள், உள்ளே ஃபியூஸ் போய்விடும். கூடுதலாகக் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். எதை உருவும்போது எண் விழுகிறதோ, கோளாறு அந்த வழியில்தான்.